மலிந்து வந்த யானை

வீட்டிற்கு ஒரு வாகனம் வாங்குவது இந்நாளில் எளிய குடும்பங்களும் எண்ணிப் பார்க்கும் காரியமாகிவிட்டது. புதியது வாங்க இயலாதோர் பழையதை நாடுகின்றனர். அவ்வாறு நாடுவோர்முன் சில வேளைகளில் விந்தையான வாய்ப்பு ஒன்று வந்து நிற்கும். சிறிய கார் ஒன்றின் விலைக்கு, செல்வந்தர் ஏறிச் சென்ற பெரிய கார்! வாங்கலாமா, கூடாதா? இவ்வினாவின்முன் நாம் ஏழு வாரங்கள் தடுமாறி நின்றோம். அத்தடுமாற்றத்தினால் நமக்கு நட்டம் ஏதும் இல்லை. வேறொருவருக்கே நட்டம் நேர்ந்தது. அதனை மறைக்காமல் எழுதினால், இதே வாய்ப்பின்முன் நிற்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறோம்.

நமது பங்கு தாமிரபரணிப் பாசனப் பகுதியின் கடைக்கோடியில் உள்ளது. அதனைச் சார்ந்த கிளை ஊர்கள் ஆறு. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றாலும், ஒரு பெண்ணுக்குப் பேறுகால நோவு என்றாலும், முதலில் தட்டப்படுவது பங்கு இல்லத்தின் கதவே. இதற்கென வைத்திருந்த பழைய ஜீப் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடியோடு நின்றுபோயிற்று. வேறு வண்டி வாங்குவதற்காகப் பங்கு மக்கள் இரண்டாண்டுகளாகச் சேர்த்த தொகை 3,40,000 ரூபாய். திருவிழா ஏலப் பணமும் அதில் உண்டு. பீடி சுற்றும் பெண்கள் வாரந்தோறும் கொடுத்த பத்து ரூபாய்களும் உண்டு.

இந்நிலையில்தான் நமது பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் நம்மை அணுகினார். அவர் கணவர் வணிகத்தில் முன்னேறிய நாளில் வாங்கிய கார் அது. 2011-ஆம் ஆண்டில் பதிவானது. ஜெர்மானிய நாட்டு உருவாக்கம். புதிதாக வாங்கியபோது 40 லட்சத்தைத் தாண்டிய விலை. கணவர் 2022-இல் மறைந்தபின், அவ்வண்டி வீட்டின் பின்புறக் கொட்டகையில் உறையிட்டு மூடப்பட்டிருந்தது.

"சாமி, வெளியே யாருக்கோ கொடுப்பதைவிடக் கோயிலுக்கே கொடுத்தால் அவர் ஆத்துமம் மகிழும். மூன்று லட்சம் தாருங்கள், போதும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கு ஆகும்" என்றார். மதுரையில் உதிரிபாக வணிகம் செய்பவர் ஒருவர் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கேட்டதாகவும், அவர் வண்டியைப் பிரித்துப் போட்டுவிடுவார் என்பதால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்றும் சொன்னார்.

கொட்டகைக்குச் சென்று பார்த்தோம். உறையை விலக்கியபோது, தூசிக்கும் எலிப்புழுக்கைக்கும் நடுவே அந்தக் கறுப்பு வண்டி பட்டத்து யானை படுத்திருப்பதுபோல் கிடந்தது. நாம் உள்ளே அமர்ந்து பார்த்தோம். தோல் இருக்கையின் மென்மையும், கதவைச் சாத்தியதும் வெளியோசை முழுதும் அடங்கிய அமைதியும் இன்னும் நினைவில் உள்ளன. ஐம்பது வயதைக் கடந்து, ஜீப்பின் குலுக்கலில் இடுப்பு நோவு கண்டிருந்த நமக்கு ஆசை பிறந்தது என்பதை ஒளிப்பானேன்? ஆயினும் ஆசை தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நோயாளிகளைக் குலுங்காமல் கொண்டு செல்லலாம்", "கைம்பெண் ஒருவருக்கு உதவியாகும்", "நாற்பது லட்சத்துப் பொருள் மூன்று லட்சத்துக்கு வருகிறது" என்ற நியாயங்களின் உடையை அணிந்துகொண்டே வந்தது.

பங்குப் பேரவையில் இரு கட்சிகள் தோன்றின. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்றார் ஒருவர். யானைக்குத் தீனி யார் போடுவது என்று கேட்டார் மற்றொருவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும், "குருவானவர் ஆடம்பரக் காரில் வந்து இறங்கினால் பீடி சுற்றுகிற பெண் என்ன நினைப்பாள்?" என்றார். நாம் உடனே, 2013-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்றுக்கொண்ட பழைய காரை எடுத்துக்காட்டி, பழைய வண்டி எளிமையின் அடையாளமே என்று வாதிட்டோம்.

பின்னர் எண்ணிப் பார்க்கையில், நமது எடுத்துக்காட்டே நமக்கு எதிராக நின்றது. அது 1984-ஆம் ஆண்டின் ரெனோ 4 என்னும் சிறிய கார். ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியது. வட இத்தாலியப் பங்குக் குரு ஒருவர் தமது பணிக்கெனப் பல்லாண்டு ஓட்டிவிட்டு அன்பளிப்பாகத் தந்தது. அது பழைய வண்டி. ஆனால் கவனிப்பாரின்றிக் கிடந்த வண்டியன்று. நம்முன் இருந்ததோ அதைவிட வயதில் மிக இளையது; ஆயினும் கைவிடப்பட்டது. பழமை வேறு, புறக்கணிப்பு வேறு. நாள்தோறும் ஓடி, உரிய வேளையில் எண்ணெய் மாற்றப்பட்ட பழைய வண்டி தன் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுக்கும். ஓடாமல் நின்ற வண்டியோ அனைத்தையும் சேர்த்து வைத்திருந்து, வாங்கியவன் தலையில் ஒருசேர இறக்கும்.

ஆறாவது வாரத்தில்தான் திருநெல்வேலியில் இத்தகைய வண்டிகளில் கைதேர்ந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரை அழைத்து வந்தோம். முதல் வாரத்திலேயே அழைத்திருக்க வேண்டும். அவர் வண்டியைப் பார்த்த முறையே நமக்குப் பாடமாயிற்று. அதனை இங்கே விரித்துரைக்கிறோம்.

அவர் பளபளப்பைப் பார்க்கவில்லை. முதலில் குனிந்து டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் படித்தார். 1817 என்றிருந்தது. 2017-ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்பது அதன் பொருளாம். தேய்மானம் குறைவாயிருப்பினும், இத்தனை ஆண்டு நின்ற ரப்பர் இறுகி வெடித்திருக்கும். நம்பி ஓட்டலாகாது என்றார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. அதனை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றாவிடில், வேகமாகச் சென்று பிரேக் பிடித்துச் சூடேறும் வேளையில் அந்த ஈரம் ஆவியாகிப் பிரேக் கைவிட்டுவிடும் என்றார். வண்டியின் முன்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். இவ்வகை வண்டியைத் தாங்குவது இரும்புச் சுருள் அன்று, காற்றடைத்த ரப்பர்ப் பை, ஒன்று ஓட்டையாகியிருந்தது. எலிகள் கடித்த வயர்களைக் காட்டினார்.

பின்பு முன்னிருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து, கடைசிவரை முழுதாக வெளியே இழுத்தார். நாம் ஏன் என்று கேட்குமுன் அவர் முகம் மாறியது. பெல்ட்டின் கீழ்ப்பகுதி மட்டும் செம்மண் நிறமாயிருந்தது. காலடி விரிப்பைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் அதே வண்டல்.

"சாமி, இது தண்ணீரில் நின்ற வண்டி" என்றார்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது. அப்போது அம்மையார் சென்னையில் உறவினர் இல்லத்தில் இருந்தார். திரும்பி வந்தபோது நீர் வடிந்திருந்தது. உறை மூடியே இருந்தது. வண்டிக்குள் நீர் புகுந்ததை அவர் அறியார். இத்தகைய பெரிய கார்களில் இயக்கத்தை ஆளும் மின்னணுப் பெட்டிகள் பலவும் இருக்கைக்கு அடியிலும் கால் வைக்கும் தளத்திலும் உள்ளன. ஊறிய இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்து, இன்று விளக்கு, நாளை கியர், மறுநாள் விபத்தில் விரிய வேண்டிய காற்றுப்பை என ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் என்றார் அண்ணாச்சி.

கணக்குப் போடச் சொன்னோம். காற்றுத் தாங்கிகள், நான்கு டயர்கள், பேட்டரி, கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் வேலை, வயரிங் ஆகியவற்றுக்கு மட்டும் நாலரை லட்சம். மின்னணுப் பெட்டிகளைப் பற்றித் தாம் உறுதி கூற முடியாது என்றார். "வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, சாமி. உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. அது இன்றும் நாற்பது லட்சத்து வண்டியின் உதிரிபாகமே" என்று அவர் சொன்ன சொல்லை ஒவ்வொரு குடும்பத் தலைவரும் மனத்தில் எழுதிக்கொள்ளலாம்.

காகிதங்களிலும் சிக்கல் இருந்தது. ஆர்.சி. புத்தகம் மறைந்தவர் பெயரிலேயே இருந்தது. உரிமையாளர் இறந்தால் வாரிசு முப்பது நாட்களுக்குள் தகவல் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வழியாகப் பெயர் மாற்றம் கோர வேண்டும், அது செய்யப்படவில்லை. அதன் பின்னரே விற்பவரும் வாங்குபவரும் 29, 30 ஆகிய படிவங்களில் கையொப்பமிடலாம். மேலும் 2026-இல் பதினைந்து ஆண்டு நிறைவுற்றுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே ஆண்டுக்கு 7,897 ரூபாய், 1000 சி.சி.க்கு உட்பட்ட சிறிய காருக்கோ 2,094 ரூபாய்.

இனி ஐயத்துக்கு இடமில்லை. குருமடத்தில் ஒழுக்கநெறி இயல் பயின்ற நாளில், ஐயமுற்ற மனச்சான்றோடு செயலில் இறங்கலாகாது. முதலில் உசாவி ஐயத்தை நீக்குக என்று கற்றோம். அதனை மற்றவர்களுக்குப் பலமுறை போதித்தும் இருக்கிறோம். நாமோ ஐந்து வாரங்கள் உசாவாமலே ஐயத்தை வளர்த்தோம். உசாவினால் வேண்டாம் என்ற விடை வந்துவிடுமே என்ற அச்சமே காரணம்.

அம்மையாரிடம் உண்மையைச் சொன்னோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. "அவர் வண்டியைப் பிணம் என்கிறீர்களா, சாமி?" என்று மட்டும் கேட்டார். அடுத்த இரு ஞாயிறுகளில் அவர் கோயிலில் வழக்கமான இடத்தில் அமரவில்லை.

மூன்றாம் வாரம் அவரே வந்தார். பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர், திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றெண்ணி, மனைவியின் நகைகளை அடகு வைத்து மூன்று லட்சம் தர முன்வந்திருந்தார். வண்டி நீரில் நின்றதை அவர் அறியார். "அவரிடம் சொல்ல வேண்டுமா, சாமி? கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் நாள் நெருங்கிவிட்டது" என்று கேட்டார். கேட்ட குரலிலேயே விடையும் இருந்தது. நாம், "சொல்லத்தான் வேண்டும், அம்மா" என்றோம். அவ்வளவே நமது பங்கு. அவர் அன்று மாலையே அந்த இளைஞரை அழைத்து, விரிப்பைத் தாமே தூக்கிக் காட்டினார். இளைஞர் விலகிக்கொண்டார்.

பின்னர் மதுரை வணிகரே வந்தார். முன்பு ஒன்றே முக்கால் லட்சம் கேட்டவர், மழைக்காலம் நெருங்கிவிட்டது, எலிகள் மேலும் கடித்துவிட்டன என்று ஒன்றேகால் லட்சமே தந்தார். குறைந்த ஐம்பதினாயிரம் நமது காலதாமதத்தின் விலை. முதல் வாரத்திலேயே நாம் வண்டியைச் சோதித்து வேண்டாம் என்றிருந்தால், அது அவர் கையில் இருந்திருக்கும். கட்டணத்திற்குக் குறைந்த தொகையில் ஒரு பகுதியை நமது சொந்தச் சிறுசேமிப்பிலிருந்து கொடுத்தோம். அது தர்மமன்று, கடன் தீர்த்தல். அவரிடமும் அவ்வாறே கூறி மன்னிப்புக் கேட்டோம்.

பங்குப் பணத்தில், ஆசிரியர் ஒருவர் முறையாகப் பேணி வந்த சிறிய வேன் ஒன்றை வாங்கினோம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திற்கும் அவர் சீட்டு வைத்திருந்தார். அதில் சொகுசு இல்லை. நமது இடுப்பு நோவும் தீரவில்லை. ஆனால் அழைத்தபோது கிளம்புகிறது. பழுதுபட்டால் பக்கத்து ஊர்ப் பட்டறையிலேயே சரியாகிறது.

வாசகர்களே, மலிவாக வரும் பெரிய பொருளை வாங்கவே கூடாது என்று நாம் கூறவில்லை. பழுது பார்க்கத் தாமே அறிந்தவரும், வாங்கும் விலைக்கு நிகரான தொகையைத் தனியே ஒதுக்கி வைத்திருப்பவரும், அந்த வண்டி ஒரு மாதம் ஓடாமல் நின்றாலும் அன்றாடப் பிழைப்புத் தடைப்படாதவரும் வாங்கலாம். மற்றவர்கள், விலையைக் கேட்குமுன், கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள் என்று கேட்கட்டும். சீட்டைக் காட்டச் சொல்லட்டும். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பார்க்கட்டும். அறிந்தவர் ஒருவரை முதல் நாளே அழைக்கட்டும். வேண்டாம் என்று முடிவானால் அன்றே சொல்லிவிடட்டும். விற்பவர் வீட்டிலும் ஓர் அவசரம் இருக்கக்கூடும்.

அம்மையார் இப்போது மீண்டும் தம் வழக்கமான இடத்திலேயே அமர்கிறார். கொட்டகை வெறுமையாய் இருக்கிறது; அதில் இரண்டு ஆடுகள் கட்டியிருப்பதாகச் சொன்னார்.