ஆரோடதாக்கும்?

திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளச் சந்தை என்றதும் எனக்கு வாசனைதான் முதலில் வரும். கிழக்கேகோட்டை வாசலைவிட்டு வெளியே வந்து, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் சிதறும் சத்தத்தைக் கேட்டபடி நடந்தால், பிச்சிப்பூவும் கொத்துமல்லியும் ஏத்தங்காய் உப்பேரியும் கலந்து வீசும். அதற்குள்ளே டர்ப்பன்டைன் நெடி தனியாக மூக்கில் ஏறினால், போர்டு எழுதுகிற அண்ணாச்சியின் கடை வந்துவிட்டது. சாக்பீஸ் பொடி தேய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, இடது கைக் குச்சியின்மேல் வலது கையைத் தாங்கிக்கொண்டு, மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் எழுதுவார். இங்கிலீஷில் மட்டும் ஒரு கொக்கிக்காகத் தயங்குவார். "மக்கா, இது எங்க வரும்னு தாத்தாட்ட கேட்டுட்டு வா" என்று துண்டுக் காகிதத்தை நீட்டுவார். பெரிய ராஜாங்கத் தூது மாதிரி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடுவேன்.

தாத்தா ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். முதுகுக்குக் காக்கிக் காகிதம் ஒட்டிய ரென் அண்டு மார்ட்டின் திண்ணையிலேயே கிடக்கும். அதைத் திறக்கவே மாட்டார்.

"சாமான் ஆரோடதாக்கும்? அவா பேரை முதல்ல முழுசா எழுது. அப்பறம் அப்பாஸ்ட்ரஃபியை வை."

பையன் ஒருத்தன் என்றால் 'பாய்' எழுதி, கொக்கி, பிறகு எஸ். பையன்கள் பலர் என்றால் 'பாய்ஸ்' என்று முழுசாக எழுதிவிட்டு, கடைசியில் கொக்கி மட்டும். 'விமன்', 'சில்ட்ரன்' இரண்டும் எஸ் இல்லாமலே பன்மை. அவற்றுக்குக் கொக்கியும் வேண்டும், பின்னால் எஸ்ஸும் வேண்டும். 1834-ல் சுவாதித் திருநாள் காலத்தில் ராஜாவின் இலவசப் பள்ளியாகத் தொடங்கி, மகாராஜாஸ் காலேஜாகி, இன்று யுனிவர்சிடி காலேஜாக இருப்பதன் பழைய பேர்தான் அவருக்குப் பிடித்த உதாரணம்: "மகாராஜா ஒருத்தர்தானே? அவர் பேர் முடிஞ்சப்பறம் கொக்கி, அப்பறம் எஸ்." 'ஹர்ஸ்', 'யுவர்ஸ்', 'இட்ஸ்' இவற்றில் சொந்தம் உள்ளேயே இருக்கிறது, கொக்கி கூடாது. 'இட்'டுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் அதை வைத்தால் 'இட் இஸ்' என்றாகிவிடும்; விழுந்துபோன எழுத்தின் இடத்தில் நிற்கிற அடையாளம் அது.

ஏத்தம்பழக் கடைக்காரர் 'பனானாஸ்' பலகைக்கும் கொக்கி கேட்டார். "பழம் நிறைய இருக்கு, அவ்வளவுதான். பழத்துக்குச் சொந்தமா என்ன இருக்கு?" என்று தாத்தா திருப்பி அனுப்பினார்.

பதில் வந்தபின் அண்ணாச்சி அணில்முடி பிரஷை மறுபடி நனைப்பார். குண்டாக ஒரு புள்ளி. அதிலிருந்து இடப்பக்கம் வளைந்து இறங்கும் மெல்லிய வால். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். தூரத்தில் மேத்தன்மணிக் கடிகாரத்தின் ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரர் கன்னத்தில் முட்டும் நேரமாகியிருக்கும்.

இப்போது பலகைகள் ஃபிளெக்ஸில் வருகின்றன. கொக்கி வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தை கொக்கி எங்கே வரும் என்று கேட்டால் விதிகளை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். யாருடையது என்று கேளுங்கள். அந்தப் பேரை முழுசாக எழுதச் சொல்லுங்கள். கொக்கியின் இடம் தானே தெரிந்துவிடும்.