எக்செல் ஷீட்டில் திருச்சி

கல்யாணமாகி ரெண்டரை வருஷத்துல தங்கமணியை திருச்சிக்கு ஒரு பதினஞ்சு தடவையாவது கூட்டிட்டு வந்திருப்பேன். அவ பார்த்தது என்னன்னு கேட்டா தில்லைநகர் வீட்டு ஹால், மொட்டை மாடி, ரெண்டு கல்யாண மண்டபம். அவ்வளவுதான். வெள்ளி ராத்திரி சென்னையில பஸ் ஏறி, சனிக்கிழமை முழுக்க தூங்கி, ஞாயித்துக்கிழமை அம்மா சமையலை ஒரு கட்டு கட்டிட்டு மறுபடி பஸ் ஏறுறதுதான் நம்ம வழக்கம். மலைக்கோட்டை எங்கே ஓடிடப் போகுது? உள்ளூர்க்காரன் எல்லாருக்கும் இருக்கிற வியாதி இது.

போன வருஷம் அவளுக்கு சிங்கப்பூர்ல ரெண்டு வருஷ வேலை கிடைச்சுது. எனக்கு ஆணி எல்லாம் சென்னையிலேயே. அப்பா அம்மாகிட்ட நேர்ல சொல்லிட்டுப் போகணும்னு டிக்கெட்டை திருச்சியிலேர்ந்தே போட்டா. ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி ஃப்ளைட். முதல் நாள் சாப்பிடும்போது, "உங்க ஊர்ல நான் இன்னும் ஒண்ணுமே பாக்கலைங்க"ன்னு அம்மா காதுல விழற மாதிரி சொன்னா. (அம்மா எதிர்ல 'ங்க'. தெருமுனை தாண்டினா 'டா'.)

விடுவேனா? ராத்திரியே லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட் போட்டாச்சு. 6.30 மலைக்கோட்டை. 9.00 ஸ்ரீரங்கம். 12.00 திருவானைக்காவல் உச்சிகால பூஜை. 3.00 கல்லணை. 5.00 முக்கொம்பு. 7.00 சின்னக்கடை வீதி. 10.00 ஏர்போர்ட். முடிஞ்சதை எல்லாம் பச்சை அடிக்கணும். ஐரோப்பா போறவங்க ஒரே நாள்ல பாரிஸைப் பார்த்து முடிக்கிறாங்களாம், நமக்குத் திருச்சி முடியாதா?

காலையில அப்பாவோட ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு கிளம்பினோம். மலைக்கோட்டைக்கு படி நானூத்துச் சொச்சம். சரியா எத்தனைன்னு எண்ணிக்கிட்டே ஏறினோம். தாயுமானவர் சன்னதிகிட்ட எனக்கு விட்டுப் போச்சு. அவ சொன்ன எண்ணிக்கையை நான் நம்பலை.

தாயுமானவர் கதை அவளுக்குத் தெரியாது, சொன்னேன். பிரசவத்துக்குக் காத்திருக்கிற பொண்ணு இங்கே, அம்மா காவிரிக்கு அந்தப் பக்கம். ஆத்துல வெள்ளம், வர முடியலை. சிவனே அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பார்த்துட்டாராம். வெள்ளம் வடிஞ்சு நிஜ அம்மா வந்து நின்னப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுதாம். சுகப்பிரசவம் ஆனா இன்னிக்கும் வாழைத்தார் கொண்டு வந்து வைக்கிறாங்க. தங்கமணி ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டா. அதுக்கு மேலே மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டுல குடைஞ்ச குகை இருக்கு. கங்கையை சடையில தாங்குற சிவன் சிற்பம் ஒரு சுவர் முழுக்க. ஷீட்ல அதுக்குப் பத்து நிமிஷம் குடுத்திருந்தேன், அவ இருபத்தஞ்சு நிமிஷம் நின்னா. நான் மணியைப் பார்த்தேன்.

உச்சிப் பிள்ளையார்கிட்ட நல்ல காத்து. வடக்கே காவிரி, அதைத் தாண்டி தென்னந்தோப்பும் கோபுரமுமா ஸ்ரீரங்கம், அதுக்கும் பின்னால கோடு மாதிரி கொள்ளிடம். மேற்கே முக்கொம்புல ஆறு ரெண்டாப் பிரியுது, ஸ்ரீரங்கத்தை நடுவுல விட்டு ரெண்டு பக்கமும் ஓடி, கிழக்கே கல்லணைகிட்ட மறுபடி பக்கத்துல வருதுன்னு கையை நீட்டி கிளாஸ் எடுத்தேன்.

"வந்து சேர்ந்துடுமா?"

"சேராது. கிட்ட வரும். காவிரியில தண்ணி மிஞ்சினா கொள்ளிடத்துல திறந்து விட்டுடுவாங்க. கொள்ளிடம் தனியா கடலுக்குப் போயிடும்."

"ம்"னா. அந்த 'ம்' எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும். நான் எட்டே முக்கால் ஆச்சேன்னு செருப்பைத் தேடிட்டு இருந்தேன்.

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம். ராஜகோபுரத்தை ஊரே நூத்துக்கணக்கான வருஷமா மொட்டை கோபுரம்னுதான் கூப்பிட்டுட்டு இருந்துது. 13 நிலை, 236 அடின்னு அது முழுசா எழும்பினது 1987ல. அதாவது என்னைவிடப் பத்து வயசுதான் மூத்தது. கோயில் மொத்தம் 156 ஏக்கர், ஏழு பிராகாரம். வெளிப் பிராகாரத்துல எல்லாம் வீடு, மளிகைக் கடை, மாவு மில்லுன்னு ஜனங்க குடியிருக்காங்க. "கோயிலுக்குள்ள ஊரா, ஊருக்குள்ள கோயிலா?"ன்னா. ரெண்டும்தான்.

சனிக்கிழமை பெருமாள் கோயில்ல என்ன கூட்டம் இருக்கும்னு ஷீட் போட்டவனுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா? அந்த பிரம்மாண்டமான கருடாழ்வாரைத் தாண்டி வரிசை நகரவே இல்லை. மணி பதினொண்ணரை. திருவானைக்காவல்ல உச்சிகால பூஜையை எப்படியும் அவளுக்குக் காட்டணும். அர்ச்சகர் புடவை கட்டி, அகிலாண்டேஸ்வரியாவே போய் சிவனுக்குப் பூஜை பண்ணுவார், வேற எங்கே பார்க்கிறது?

"வா, வெளியே போயிடலாம். இதை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்"னேன்.

"இன்னொரு நாளா? எனக்கு ராத்திரி ஃப்ளைட்றா."

"அதான் சொல்றேன். இதுல நின்னா மீதி எல்லாம் போயிடும்."

"போகட்டும். உன் ஷீட்ல என்கிட்ட பேசுறதுக்கு எங்கேயாவது ஒரு வரி இருக்கா?"

முன்னால நின்ன மாமி திரும்பிப் பார்த்தாங்க. அவ குரலைத் தாழ்த்திக்கிட்டா, ஆனா நிறுத்தலை. மே மாசம் ஆஃபர் லெட்டர் வந்தப்போ நான் சொன்ன ஒரே வார்த்தை "உன் இஷ்டம்". விசா வந்தப்போ "சூப்பர்". டிக்கெட் போட்டப்போ "எத்தனை கிலோ பேகேஜ்?" மூணு மாசத்துல போன்னும் சொல்லலை, போகாதேன்னும் சொல்லலை. இன்னிக்கு காலையிலேர்ந்து ஓட ஓட விரட்டிட்டு இருக்கே, உட்கார்ந்தா பேச வேண்டி வந்துடுமேன்னு பயமான்னு கேட்டா.

நியாயமா பதில் சொல்லியிருக்கணும். நான் தூணைப் பார்த்துட்டு நின்னேன். பன்னிரண்டு மணிக்கு சன்னதி நடை சாத்தினாங்க. திரும்பத் திறக்க ஒண்ணேகால் ஆகும். வரிசையிலேயே தரையில உட்கார்ந்துட்டோம். உச்சிகால பூஜை போச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு, சமாதானம் பண்ணத் தெரியாம, தாத்தா சொன்ன கதையை எடுத்து விட்டேன். 1323ல டெல்லி சுல்தான் படை வந்தப்போ மூலவரை கல்சுவர் வச்சு மறைச்சுட்டு, உற்சவரைத் தூக்கிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா கிளம்பிட்டாங்க. தலைமை தாங்கின பிள்ளை லோகாச்சாரியாருக்கு அப்போ ரொம்ப வயசு. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியிலேயே அவர் காலம் முடிஞ்சு போச்சு. பெருமாள் அங்கேயிருந்து ஊர் ஊரா சுத்தி திருமலையில பல வருஷம் இருந்தார். அப்புறம் விஜயநகரத்து கோபணார்யர் செஞ்சி வழியா ஸ்ரீரங்கம் கொண்டு வந்து சேர்த்தது 1371ல. 48 வருஷம்!

"48 வருஷம் ஆன்சைட்டா!"ன்னா. அப்பாடா, சிரிச்சுட்டா.

கதை அதோட முடியலை. இவர் வர்றதுக்குள்ள இங்கே வேற ஒரு உற்சவரை வச்சுப் பூஜை பண்ணிட்டு இருந்தாங்க. பழைய பெருமாளைப் பார்த்தவங்க யாரும் உயிரோட இல்லை. எது நிஜம்னு யார் சொல்றது? ரொம்ப வயசான சலவைத் தொழிலாளி ஒருத்தர், கண்ணும் தெரியாது. ரெண்டு பேருக்கும் திருமஞ்சனம் பண்ணி, ஈரத்துணித் தீர்த்தத்தை அவர்கிட்ட குடுத்தாங்களாம். ருசி பார்த்துட்டு "இவர்தான் நம்பெருமாள்"னாராம். பேரே அப்படித்தான் நிலைச்சுதுன்னு சொல்வாங்க. நடுவுல வந்தவரையும் அனுப்பிடலை, அவரும் உள்ளேயே இருக்கார்.

தங்கமணி கொஞ்ச நேரம் யோசிச்சா. "அவரை அனுப்பும்போது யாராவது 'உன் இஷ்டம்'னு சொல்லியிருப்பாங்களாடா?"

இந்த வாட்டி நான் தூணைப் பார்க்கலை.

ரெண்டு மணி வாக்குல தரிசனம். திருமுகத்திலேர்ந்து திருவடி வரைக்கும் ஒரே பார்வையில பார்க்க முடியாது, அவ்வளவு நீளமா படுத்திருக்கார். "நகருங்க நகருங்க"க்கு நடுவுல எனக்கு முகம் கிடைச்சுது, அவளுக்குப் பாதம். வெளியே வந்து புளியோதரை வாங்கிக்கிட்டு சேஷராயர் மண்டபத்துல குதிரைகளைப் பார்த்தோம். முன்னங்கால் ரெண்டையும் தூக்கி, அடியில புலி, மேலே வீரன், எல்லாம் கல்லுல. ஆயிரங்கால் மண்டபத்துல நிஜமா இருக்கிறது 953 தூண்தான்னு நான் ஆரம்பிச்சதும் "எண்ண வேண்டாம்"னுட்டா.

கல்லணைக்கு நேரம் இருந்துது. போகலை. அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போய் உட்கார்ந்தோம். மேட்டூர் திறந்திருந்ததால காவிரி நிறைய போயிட்டு இருந்துது. ஒரு குடும்பம் ஏதோ திதி முடிச்சுட்டு ஈரத்துணியோட போச்சு. கால்ல தண்ணி பட உட்கார்ந்துக்கிட்டு, மூணு மாசமா சொல்லாததை சொன்னேன். போகாதேன்னு சொல்லணும்னு தினமும் தோணுச்சு. சொன்னா நீ நின்னுடுவியோன்னு பயம். சொல்லியும் போயிட்டேன்னா அதைவிட பயம். அதான் வாயைத் திறக்கலைன்னேன்.

"சொல்லியிருந்தா நின்னிருக்க மாட்டேன்"னா. "ஆனா சொல்லியிருக்கலாம்ல."

எவ்வளவு நேரம் பேசினோம்னு தெரியலை. அதுல பாதி இங்கே எழுதுற விஷயம் இல்லை.

சாயந்திரம் போற வழியில திருவானைக்காவல். ஒன்பது துவாரம் உள்ள கல் ஜன்னல் வழியா ஜம்புகேஸ்வரர், கருவறையில எப்பவும் ஊறிக்கிட்டே இருக்கிற தண்ணி. இங்கே அம்பாள் சிஷ்யை, சிவன் குரு. அதனால திருக்கல்யாணமே கிடையாது. "நல்லது, சண்டையும் கிடையாது"ன்னா. அப்புறம் பார்த்தசாரதி விலாஸ்ல நெய் தோசை. ஆளுக்கு ரெண்டு. இதை ஷீட்ல போடாம விட்டது எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே புரியலை.

வீட்டுக்கு வந்தா அம்மா பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி, மணப்பாறை முறுக்குன்னு பெட்டியை ரொப்பி வச்சிருந்தாங்க. எடை போட்டா நாலு கிலோ கூட. முறுக்கைத் தியாகம் பண்ணி, அவ புத்தகத்தை எல்லாம் என் பையில போட்டு சரிக்கட்டினோம்.

ஷீட்ல நேரத்துக்கு நடந்த கடைசி வரி, 10.00 ஏர்போர்ட். 2024ல திறந்த புது டெர்மினல். அங்கேயும் சுவத்துல ஸ்ரீரங்கத்தை வரைஞ்சு வச்சிருக்காங்க. அப்பா அம்மா கால்ல விழுந்து எழுந்து, "வரேங்க"ன்னா. நாலடி போய் திரும்பி, அம்மாவுக்குக் கேக்காத மாதிரி வாயை மட்டும் அசைச்சா, "டா".

பொங்கலுக்கு நாலு நாள் லீவுல வந்தா. கல்லணை, முக்கொம்பு ரெண்டையும் பச்சை அடிச்சாச்சு. கல்லணையில வேற ஒரு விஷயத்துக்கு பெரிய சண்டை. அதை இன்னொரு நாள் சொல்றேன்.