ராமேஸ்வரம் டூர்: ரூம் கோயில் பக்கமா, கடல் பக்கமா?

ஸ்கூல் லீவு விட்டதும் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் வரும் முதல் கேள்வி, 'எங்கே போகலாம்?' அதற்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும். அடுத்து வரும் 'எங்கே தங்கலாம்?'தான் ஒரு வாரம் இழுக்கும். அதுவும் ராமேஸ்வரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஊர் ஒன்றுதான், ஆனால் வீட்டில் ஆளுக்கொரு ராமேஸ்வரம் இருக்கும். பாட்டிக்கு 22 தீர்த்தம். பிள்ளைகளுக்குக் கடல். அப்பாக்களுக்கு பாம்பன் பாலமும் தனுஷ்கோடியும். அம்மாக்களைக் கேட்டால், "பாத்ரூம் சுத்தமா இருந்தா போதும்ப்பா" என்பார்கள்.

எங்கள் வீட்டில் எட்டுப் பேர் கிளம்பினோம். அப்பா, அம்மா, அப்பத்தா மூவரும் மதுரையிலிருந்து வேனில். அக்கா, மாமா, அவர்களின் இரண்டு வாண்டுகள், நான் ஆகியோர் சென்னையிலிருந்து ரயிலில். ரூம் தேடும் பொறுப்பு என் தலையில். "நீதானே நாள் பூரா நெட்டுலயே இருக்க" என்பது அம்மா சொன்ன காரணம்.

தேட ஆரம்பிக்கும்போதே அப்பத்தா போனில் ஒன்று சொன்னார். "உங்க ஐயா போய் ரெண்டு வருசமாச்சு. முழங்கால் இன்னும் கொஞ்சம் நடக்கவிடுது. அது இருக்கும்போதே 22 தீர்த்தமும் ஆடிட்டு வந்துரணும்யா." அக்கா பிள்ளைகளோ கடலையே பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது, மெரினாவில் கால் நனைத்திருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி விளையாடியதில்லை. இந்த இரண்டும் நடக்கிற மாதிரி ஓர் அறை வேண்டும். ஏ.சி, டி.வி, வைஃபை எல்லாம் அப்புறம்தான்.

ரூம் பார்க்கும் முன் மேப் பாருங்கள்

ராமேஸ்வரம் ஒரு தீவு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடக்கே இருப்பதை பெண்கடல் என்றும், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடக்குப் பக்கம் ஆழம் குறைவு, பெரும்பாலும் அலையும் குறைவு. தெற்குப் பக்கம் அலை ஓங்கி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசினால் பெண்கடலும் கொந்தளிக்கும் என்பதால், எந்த மாதம் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பல ஹோட்டல் விளம்பரங்களில் 'பீச் அருகில்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். எந்தக் கடல், எவ்வளவு தூரம், அங்கே குளிக்கலாமா என்று இருக்காது. மேப்பில் சாட்டிலைட் படத்தைப் போட்டுப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். கரை ஓரமாக வரிசையாகப் படகுகள் நின்றால் அது படகுத்துறை. வலையும் நங்கூரக் கயிறும் டீசல் வாசனையும் இருக்கும் இடத்தில் குழந்தையை இறக்க முடியாது. மீதிப் பாதி உண்மைக்கு, ஹோட்டல்காரர்கள் போட்ட போட்டோவை விட்டுவிட்டு, தங்கிப் போனவர்கள் போட்ட போட்டோவைப் பாருங்கள். 'கடல் பார்த்த அறை' என்று நான் ஆசைப்பட்டு போன் செய்த ஒரு லாட்ஜில், ஜன்னலைத் திறந்து வீடியோ கால் காட்டச் சொன்னேன். பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர் டேங்க் தெரிந்தது. "மொட்டை மாடிக்குப் போனா தெரியும் சார்" என்றார் மேனேஜர். நல்ல மனிதர், மறைக்கவில்லை.

கோயில் பக்கம் தங்கினால்

தீர்த்தமாடுவது எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் ரூம் ஏன் பக்கத்தில் வேண்டும் என்பது புரியும். முதலில் கிழக்கு கோபுரத்துக்கு எதிரே இருக்கும் அக்னி தீர்த்தக் கடலில் குளியல். அந்த ஈரத்தோடு கோயிலுக்குள் போய், மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தம் வரை 22 இடம். கிணற்று மேல் நிற்பவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். தீர்த்தங்கள் ஒரே இடத்தில் இல்லை, கோயில் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. வழி நெடுக கருங்கல் தரை, முழுக்க ஈரம். முடிந்ததும் அதே ஈர உடையோடு சன்னதிக்குப் போக முடியாது, மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

உடை மாற்ற அங்கேயே இடம் உண்டு. ஆனால் எழுபத்தைந்து வயதில், ஈரப் புடவையில் நடுங்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக மாற்றுவது வேறு. ஐந்து நிமிடம் நடந்து சொந்த அறைக்கு வந்து, ஒரு காபி குடித்துவிட்டு, காய்ந்த புடவையோடு மறுபடி போவது வேறு. செல்போனைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், அதை அறையில் வைத்துவிட்டுப் போகும் நிம்மதியும் இருக்கிறது. அதிகாலை 5 மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போகிறவர்களுக்கும் பக்கத்து ரூம்தான் சரி. இருட்டில் ஆட்டோ தேட வேண்டாம்.

தொந்தரவும் உண்டு. ரத வீதிகளில் வேன் நுழைவது சிரமம். கூட்ட நாளில் முன்பே திருப்பிவிடுவார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பழைய லாட்ஜ்களில் லிஃப்ட் இருக்காது. விடியும் முன்பே பேச்சுச் சத்தம், வாளிச் சத்தம் ஆரம்பித்துவிடும். சாப்பாடு பெரும்பாலும் சைவம். மீன் குழம்புக்காகவே ராமேஸ்வரம் வரும் என் அப்பாவுக்கு இது பெரிய குறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்னி தீர்த்தக் கடல் அமைதியானதுதான். ஆனால் அது குழந்தைகள் விளையாடும் பீச் இல்லை. திதி கொடுப்பவர்கள், தர்ப்பணம் செய்பவர்கள் என்று எந்நேரமும் கூட்டம். சிலர் குளித்துவிட்டு துணியைக் கடலிலேயே விட்டுப் போகிறார்கள். காலில் வந்து சுற்றும். மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வரலாம், மூன்று மணி நேரம் ஆட முடியாது. 'கோயிலும் கடலும் பக்கத்துல பக்கத்துல' என்று கணக்குப் போட்டு வரும் குடும்பங்கள் பிள்ளைகளிடம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கடல் பக்கம் என்றால்

ஊருக்குள்ளேயே வடக்கே சங்குமால், அதைத் தாண்டி ஓலைக்குடா. அரசின் ஓட்டல் தமிழ்நாடு இருப்பது சங்குமால் பக்கம்தான். கோயிலுக்கு ஆட்டோவில் சீக்கிரம் வந்துவிடலாம், விசாலமான வளாகம், கடல் காற்று என்று பெரியவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் கரையில் படகுகள் நிறைய. ஓலைக்குடாவில் கூட்டம் குறைவு.

பஸ் ஸ்டாண்டிலிருந்து தங்கச்சிமடம், பாம்பன் என்று மெயின் ரோட்டை ஒட்டிப் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. பார்க்கிங், லிஃப்ட், சில இடங்களில் நீச்சல் குளம். சொந்தக் காரில் வருபவர்களுக்கு வசதி. கோயிலுக்கும் நடக்க முடியாது, கடலுக்கும் நடக்க முடியாது என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு முறையும் வண்டி எடுக்க வேண்டும். என் கணக்கில் இது ஒரு இரவு தங்கி தனுஷ்கோடி பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கான இடம்.

தனுஷ்கோடியிலேயே தங்க முடியுமா என்று ரீல்ஸ் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. சுற்றுலாப் பயணிகள் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். அரிச்சல்முனை வரை ரோடு இருக்கிறது, பார்க்க அவ்வளவு அழகு. குளிக்க மட்டும் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடம், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று பிள்ளையை அலைக்குள் தள்ளி வீடியோ எடுத்த ஒரு அப்பாவைப் பார்த்தேன். கோபம்தான் வந்தது.

பிள்ளைகள் ஆட ஏற்ற இடம் தீவுக்கு வெளியே இருக்கிறது. பாம்பன் பாலத்தைக் கடந்து, மண்டபம் தாண்டினால் உச்சிப்புளி அருகே அரியமான் பீச். பாக் நீரிணைப் பக்கம். நீண்ட மணல், சவுக்கு நிழல், கொஞ்ச தூரம் உள்ளே போனாலும் இடுப்பளவு தாண்டாத தண்ணீர். அதற்காகப் பிள்ளைகளைத் தனியே விடலாம் என்று அர்த்தமில்லை. பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கவே வேண்டும். இந்தப் பக்கம் தங்கும் இடங்கள் குறைவு, இருப்பவையும் சனி, ஞாயிறுகளில் சீக்கிரம் நிறைந்துவிடும். இரவு பசித்தால் வெளியே ஓடிப்போய் வாங்க கடை கிடையாது. சாப்பாடு அங்கேயே கிடைக்குமா என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

நாங்கள் கடைசியில் முடிவு செய்தது இதுதான்: முதல் இரண்டு இரவு கிழக்கு கோபுரத்தின் பக்கம், மூன்றாம் இரவு அரியமான் பக்கம். "ரெண்டு தடவை பெட்டி கட்டணுமா?" என்று அம்மா முகம் சுளித்தார். வேன் கூடவே இருந்ததால் சமாளித்தோம். பஸ்ஸில் போகும் குடும்பம் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். ஊருக்குள் ஒரே இடத்தில் தங்கி, ஒரு நாள் மட்டும் வண்டி பேசி அரியமான் போய் வருவது போதும். இரண்டாவது ரூம் வாடகையோடு ஒப்பிட்டால் அதுதான் மிச்சம்.

போனில் கேட்க வேண்டியவை

ஆப்பில் புக் செய்தாலும் ஒருமுறை நேரடியாக போன் போட்டுவிடுவது நல்லது. முதல் கேள்வி, செக்-இன் நேரம். சென்னையிலிருந்து இரவு கிளம்பும் ரயில்கள் விடியற்காலையில் ராமேஸ்வரம் வந்து சேரும். செக்-இன் பகல் 12 மணி என்றால், தூங்கி வழியும் பிள்ளைகளோடு வரவேற்பறை சோபாவில் ஏழு மணி நேரம் உட்கார வேண்டும். கோயில் ஊர்களில் பல லாட்ஜ்கள் 24 மணி நேரக் கணக்கில் ரூம் தரும். காலை 5 மணிக்கு எடுத்தால் மறுநாள் காலை 5 மணி வரை. இந்தக் கணக்கு உங்களுக்கு லாபமா நஷ்டமா என்று போட்டுப் பாருங்கள். எங்களுக்கு லாபம்.

அடுத்து கீழ்த்தளத்தில் அறை உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்ற கேள்விகள். 'லிஃப்ட் இருக்கு' என்பார்கள். ரோட்டிலிருந்து லிஃப்டுக்குப் போகவே எட்டுப் படி ஏற வேண்டியிருக்கும். 'வாசல்லருந்து ரூம் வரைக்கும் மொத்தம் எத்தனை படி?' என்றே கேளுங்கள். அப்பத்தாவுக்காக நான் அப்படிக் கேட்டபோது, ஒரு லாட்ஜில் போனை வைக்காமலேயே ஒருவர் எண்ணிப் பார்த்துவந்து "ஆறு படிங்க, கைப்பிடி இருக்கு" என்றார். அந்த லாட்ஜைத்தான் எடுத்தோம்.

குளியலறைத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்றும் விசாரியுங்கள். கடலில் ஆடிவிட்டு வந்து உப்புத் தண்ணீரிலேயே தலை குளித்தால் குழந்தைகளுக்கு இரவெல்லாம் அரிப்பு.

தேதி விஷயம் ரூமைவிட முக்கியம். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் ஊரே நிரம்பி வழியும். நான் முதலில் விசாரித்த தேதி ஒரு அமாவாசைக்கு முந்தைய நாள். அதே அறைக்கு இரண்டு மடங்குக்கு மேல் வாடகை கேட்டார்கள். காலாண்டு லீவை ஒட்டி மகாளய அமாவாசை வருவது சகஜம், காலண்டரைப் பார்த்துவிடுங்கள். அரையாண்டு லீவில் சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். மே மாதம் கூட்டம் பரவாயில்லை, வெயில்தான். மீன் பிரியர்களுக்கு இன்னொரு தகவல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் கிடைக்கும், விலை எகிறியிருக்கும்.

அப்பத்தா 22 தீர்த்தமும் ஆடினார். பதினொன்றாவதில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "போதும்த்தா, ரூமுக்குப் போயிரலாம்" என்றார் அப்பா. "ரூம் எங்கடா ஓடிரப் போகுது, இந்தா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். முடிந்ததும் ரூமுக்கு வந்து, புடவை மாற்றி, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, அப்புறம்தான் தரிசனம்.

ரயிலில் திரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து ராமேஸ்வரம் வரை ரயில் கிடையாது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய தூக்குப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி ஊர் வரை போகிறது. 'மண்டபத்திலேயே இறங்கணும்' என்று சொல்லும் பழைய பயணக் குறிப்புகள் இன்னும் நெட்டில் சுற்றுகின்றன, அதை வைத்து ரூம் போடாதீர்கள். கடைசி இரவு அரியமான் பக்கம் தங்கினால் மட்டும், திரும்ப பாலம் கடந்து ராமேஸ்வரம் போக வேண்டியதில்லை. ராமநாதபுரத்தில் ரயில் ஏறிக்கொள்ளலாம். டிக்கெட் போடும்போதே ஏறும் இடத்தை அப்படிப் போட்டுவிட்டதால், கடைசி நாள் மாலை வரை பிள்ளைகள் தண்ணீரிலேயே கிடந்தார்கள். இழுத்துக்கொண்டு வந்து வேனில் ஏற்ற, மாமாவும் நானும் இரண்டு தடவை கடலுக்குள் இறங்க வேண்டியிருந்தது.