முட்டுக் கொடுத்த பிறகு

கீழ்ப்பாக்கத்தில் 1930-களில் கட்டிய மாடி வீடு. மாடிக் குளியலறையில் நான்கு காலில் நின்ற வார்ப்பிரும்புக் குளியல் தொட்டியை எடுத்துவிட்டு, வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி, ஷவர் என்று மாற்ற வேண்டும். வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. பழைய வீடுகளைப் பிரித்துப் பழுதுபார்க்கும் மேஸ்திரி ஒருவரோடு நான் கொஞ்ச நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். “தொட்டி வேலை ஒண்ணு வருது, வாங்க சார்” என்றார்.

உடைப்பதைப் பார்க்கலாம் என்று போனால், மேஸ்திரி மாடிக்கே ஏறவில்லை. குளியலறைக்கு நேர் கீழே இருந்த அறையில் நாற்காலி மேல் ஏறி நின்று, சுத்தியல் பிடியால் கூரைச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். நடு அறையில் கணீரென்றது. வெளிச்சுவர் ஓரம் வந்ததும் சத்தம் அமுங்கியது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார், பாதிவரை இறங்கியது.

அது மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய மச்சுக்கற்களைக் கோணவாக்கில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டுவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பதுண்டு. கம்பி என்ற பேச்சே கிடையாது. கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்வதிலும் மரத்திலும்தான் மொத்த பலமும்.

“கான்கிரீட்டா இருந்தா சம்மட்டிய எடுத்தோமா, முடிச்சோமான்னு போயிடலாம். இதுல மேல அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் கீழ சுண்ணாம்பு அவுந்துக்கும்” என்றார் மேஸ்திரி. அன்று முழுக்க முட்டுக் கொடுப்பதில் போயிற்று. சவுக்குக் கட்டைகளை அளந்து வெட்டி, சட்டங்களுக்குக் குறுக்கே பலகை கொடுத்து, அடியில் ஆப்பு அடித்து இறுக்கினார்கள். ஆப்பை ஓங்கி அடித்த பையனுக்குத் திட்டு விழுந்தது. முட்டு தாங்கினால் போதும், கூரையை மேலே தூக்கக் கூடாது. தூக்கினாலும் சுண்ணாம்பு விரியும்.

தொட்டி ஐந்தரை அடி நீளம். காலியாக ஏறத்தாழ 150 கிலோ. விளிம்புவரை நிரப்பினால் 200 லிட்டர் தண்ணீர், அதாவது இன்னொரு 200 கிலோ. இவ்வளவு எடையும் நான்கு சின்னக் கால்கள் வழியாக இறங்குகிறது. குளிக்கும் நேரம் மட்டும் நிரம்பி வடிந்தால் கவலையில்லை. ஆனால் இந்தத் தொட்டி எப்போதும் நிரம்பியே இருந்திருக்கிறது.

“இதுல யாரு குளிச்சா? என் மாமனார் ரெண்டு தரம் குளிச்சிருப்பாரோ என்னவோ. தண்ணி பிடிச்சு வைக்கத்தான்” என்றார் அம்மா. வடிகால் ஓட்டையைத் துணிச் சுருணையும் ரப்பரும் வைத்து அடைத்து, மேலே பலகை போட்டு மூடி, சொம்பால் மொண்டு பக்கெட்டில் குளித்திருக்கிறார்கள். செங்குன்றம் ஏரித் தண்ணீர் வந்து சேரும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914 முதல் இதே பேட்டையில்தான் இருக்கிறது. அதனால் குழாயில் தண்ணீர் வந்துவிடுமா? 2003-லும் லாரிதான், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்ட 2019 கோடையிலும் லாரிதான். அந்தக் கோடையில் தெருவிலேயே வசதியான வீடு தன்னுடையது என்று அம்மா சிரித்தார். சட்டத்தின் முனை எப்படி உளுத்தது என்ற கேள்விக்கும் அந்தச் சுருணையே பதில். அது வருஷக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது.

மறுநாள் பிளம்பர் வந்தார். வால்வை மூடி, குழாய்களைக் கழற்றினார். பித்தளை வேஸ்ட் கப்ளிங் அசையவில்லை. பைப் ரிஞ்ச்சில் தொங்கிப் பார்த்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து, ஆக்ஸா பிளேடால் அறுத்தார். தொட்டியைக் கொஞ்சம் நெம்பியதும் கால்கள் நான்கும் தாமாகக் கழன்று வந்தன. அடிப்பக்கத்தில் பெயிண்டுக்கு அடியில் புடைப்பெழுத்துகள்: ஷாங்ஸ், பார்ஹெட். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்து ஊர். குளியலறைச் சாமான்களுக்குப் பேர்போன கம்பெனி. 1969-ல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து ஆர்மிடேஜ் ஷாங்ஸ் ஆயிற்று.

முழுசாக இறக்கினால் பழம்பொருள் கடைக்காரர் நல்ல விலைக்கு எடுப்பார் என்று நான் ஆசைப்பட்டேன். மேஸ்திரி என்னைக் கூட்டிக்கொண்டு போய் மாடிப்படியைக் காட்டினார். நடுவில் திரும்பும் குறுகலான படி. “நாலு பேர் கழி போட்டுத் தூக்கிடலாம். திரும்புற எடத்துல பாரம் பூரா கீழ நிக்கிறவன் நெஞ்சுலதான் வரும். அங்க யாரை நிறுத்துறது? நீங்க நிக்கிறீங்களா?” அதோடு என் பழம்பொருள் ஆசை முடிந்தது.

வார்ப்பிரும்பு நெளியாது, உடையும். ஸ்டீல் தொட்டியாக இருந்தால் எத்தனை அடித்தாலும் சொட்டை விழுமே தவிர இரண்டாகாது. மேலே இருக்கும் வெள்ளைப் பூச்சோ கண்ணாடி. பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் கண்ணாடிப் பொடியைத் தூவி உருக வைப்பது. அதனால் அது கண்ணாடி மாதிரியே தெறிக்கும். பழைய பூச்சுகளில் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால் தூசு பறக்கவிடாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் எல்லாருக்கும் வாங்கித் தந்திருந்தார் மேஸ்திரி. பையன்கள் இருவரும் முகமூடியைத் தாடையிலும் கண்ணாடியை நெற்றியிலும் மாட்டியிருந்தார்கள். அவர் அதட்டினால் இறங்கும், திரும்பினால் ஏறும்.

மணல் மூட்டைகளைப் பரப்பி, தொட்டியை அவற்றின் மேல் கவிழ்த்தார்கள். முதலில் கட்டிங் மெஷினால் குறுக்கே கோடு போட்டுக் கீறினார்கள். பிறகு ஈரக் கோணியைப் போர்த்தி, விளிம்பில் மட்டும் சம்மட்டி. நடுவில் அடித்தால் அதிர்ச்சி பூராவும் தரைக்குப் போகும். விளிம்பில் அடித்தால் கீறிய கோட்டோடு விரிசல் ஓடும். அடி விழுந்த ஒவ்வொரு தடவையும் கோயில் மணிபோலத் தெருவரை கேட்டது. விளிம்பு விட்டதும் மணிச்சத்தம் நின்று வெறும் தகரச் சத்தமாயிற்று. “போச்சு” என்றான் பையன்களில் ஒருவன். அதற்குப் பிறகு துண்டு துண்டாகக் கழன்றது.

துண்டுகளையும் ரப்பீஸையும் இறக்கியவர்கள் இரண்டு பெண்கள். இரும்பைக் கோணியில் சுற்றி, ஜல்லியை பாண்டில் அள்ளி, இருவர் மோதாமல் ஏறி இறங்க முடியாத அதே படியில் தலைச்சுமையாக நாள் முழுக்க. கூலி சம்மட்டி பிடித்தவனைவிடக் குறைவு. “சித்தாள் ரேட்டு அப்படித்தான்” என்றார் மேஸ்திரி, அதுவரை எதற்கும் காரணம் சொல்லிக்கொண்டே வந்தவர். இரும்பு மேஸ்திரிக்கு, பித்தளை வீட்டுக்கார அம்மாவுக்கு என்று முன்பே பேச்சு. காயலான் கடைத் தட்டுவண்டி வாசலில் நின்றது. எடைக்காசில் டீ வாங்கிக் கொடுத்தார். பங்கு கொடுத்ததாகத் தெரியவில்லை.

தரையைப் பிரித்ததும் சட்டத்தின் முனை வெளியே வந்தது. சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு முழத்துக்கு மரமே இல்லை. கையில் எடுத்தால் உதிர்கிறது. மீதி தேக்கு அரிவாளுக்கும் அசையாது. உளுத்ததை மட்டும் வெட்டிவிட்டு, இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் கொடுத்து போல்ட் போட்டு, முனையைச் சுவரில் புதிதாகக் கல் வைத்து உட்கார வைப்பதாக முடிவாயிற்று.

சேனல் வந்து இறங்கிய அன்று அம்மா மெல்லப் படியேறி வந்து பார்த்தார். “மேஸ்திரி, தொட்டி இருந்த எடத்துல ஒரு 500 லிட்டர் சின்டெக்ஸ் வச்சுடுங்க.”

“அம்மா, அரை டன்னும்மா.”

“பழசு அத்தனை வருஷம் நின்னுச்சே?”

மேஸ்திரி உளுத்த முனையை எடுத்துக் காட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “சரி, 200” என்றார். மேஸ்திரி முடியாதென்று தலையை ஆட்டினார். கடைசியில் 100 லிட்டர் டிரம், அதுவும் சட்டம் ஏறி உட்காரும் உள்சுவரை ஒட்டி, என்று படிந்தது. பிளம்பரிடம் மட்டும் அம்மா தனியாகக் கேட்டார், அதன் பக்கத்தில் இன்னொரு டிரம்முக்கும் குழாயில் ஒரு டீ இணைப்பு போட்டு வைக்க முடியுமா என்று.