புளியமரத்துப் பந்தி

பங்குனி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் வயதான புளியமரம் ஒன்று. உலுக்க ஆள் வராததால் உச்சியில் பழம் அப்படியே இருக்கிறது. கிளை நுனியைப் பின்னங்காலால் பற்றித் தலைகீழாகத் தொங்குகிறது சாம்பல் நிற அணில். இரண்டு கிலோகூடத் தேறாது. புளியைத் திருப்பித் திருப்பி ஓட்டை உடைக்கிறது. சதையில் கொஞ்சம், கொட்டையில் கொஞ்சம், மீதி தரைக்கு. ஊதாரி!

அந்த மீதிக்காகவே கீழே ஒரு புள்ளிமான் காத்து நிற்கிறது.

அதே மரத்தின் அடியில் ஆள் உயரத்துக்கு மேல் பட்டை உரிந்து கிடக்கிறது. யானை செய்த வேலை. சற்றுத் தள்ளி அதன் லத்தி. உள்ளே புளியங்கொட்டைகள் முழுசாக. அணில் கடித்த கொட்டை முளைக்காது. யானை விழுங்கியது எங்கேயாவது முளைக்கும்.

பழம் பொது என்றாலும் குடியிருப்புக் கணக்கு வேறு. பக்கத்து மரக் கிளைகள் வந்து தொடும் இடமாகப் பார்த்துத்தான் அணில் கூடு கட்டும். கழுகு வந்தால் தரையில் இறங்காமல் மரம் தாவ வேண்டும். யானைக்கோ மரங்களுக்கு நடுவே வெளி வேண்டும். வெயில் விழுந்தால்தானே புல்.

ராஜபாளையம் பக்கம் மலையடிவாரத் தோப்பில் சப்பட்டை மாங்காய் திரண்டு வருகிறது. காவல் குடிசை வாசலில் இளைஞன் ஒருவன் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்:

"ரெண்டு நாளா யானை தென்னைப் பக்கந்தான் அண்ணாச்சி. மரத்தச் சாச்சு குருத்த மட்டும் தின்னுட்டுப் போயிருது."

"மாங்கா பழுக்கட்டும், இங்கயும் வரும். வெடி இருக்கா?"

அணில் கடித்துப் போட்ட மாம்பிஞ்சுகள் அவர்கள் காலடியிலேயே கிடக்கின்றன. அதற்கு வெடி போடுவார் இல்லை. சேதம் இரண்டும் சேதம்தான். உருவம் பெரிதானால் கோபமும் பெரிதாகிறது.

1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு சரணாலயமானது அந்தச் சாம்பல் நிற அணிலின் பெயரால். 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. ஆனால் அணில் எல்லைக்கல்லைப் பார்த்துக் கூடு கட்டுவதில்லை. பட்டா நிலத்து மாவிலும் புளியிலும் கட்டுகிறது. இரவில் யானை இறங்குவதும் அதே தோப்புகளுக்குத்தான். தோப்பு மனையானால் அணிலின் கூடு போகும். யானை தெருவுக்கு வரும். தோப்புக்காரர்களே, விற்றே ஆகவேண்டும் என்றால், மரத்தோடு வைத்துக்கொள்கிறவருக்கு விற்றுவிடுங்கள்.