உறுமலுக்கும் உண்டு சாதகம்

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அதே ஊர்தான்) ஒரு தமிழ்க் குடும்பம். கல்லூரியில் படிக்கும் மூத்த மகன் இரண்டு வாரமாக மாடி அறையைச் சாத்திக்கொண்டு புலி போல உறுமிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். பிறகு ஒரு காலை, "அம்மா" என்று கூப்பிட வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது.

"கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கிட்டியேடா" என்று அம்மா சுக்குக் கஷாயத்தை நீட்டினார். கஷாயம் இதமானதுதான். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய்க்குப் போகிறது, நாண்கள் இருப்பது மூச்சுப் பாதையில். குடித்த தண்ணீர் உடம்பில் சேர்ந்த பிறகே அவற்றுக்கு ஈரம் கிடைக்கும். எனவே பாடும் முன் ஒரு சொம்பு குடிப்பதைவிட நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே பயன் தரும். அந்தமானின் ஈரக்காற்று இந்த விஷயத்தில் நண்பன். ஏசி அறை அப்படியல்ல.

அவனுடைய ஆதர்சம் சிங்கப்பூரின் ருத்ரா குழு. 1992ல் தொடங்கியது. பாடகரும் பேஸ் கிதார் வாசிப்பவருமான கதிர் தமிழர். டெத் மெட்டலில் சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தத்தையும் கலந்து 'வேதிக் மெட்டல்' என்று பெயர் வாங்கினார்கள். முதல் ஆல்பம் 1998ல். 2016ல் வந்த 'எனிமி ஆஃப் டூவாலிட்டி'யிலும் அதே உறுமல்தான். பையனுக்கோ இரண்டே வாரத்தில் குரல் போய்விட்டது. ஏன்?

அவன் செய்தது வெறும் கத்தல். நாண்களை இறுக்கி ஒன்றோடொன்று மோதவிட்டால் அவை வீங்கும். தொடர்ந்து செய்தால் முடிச்சுகள் விழும். தேர்ந்தவர்கள் நாண்களுக்கு மேலே இருக்கும் 'பொய் நாண்கள்' என்ற மடிப்புகளை அதிரவைக்கிறார்கள். அமெரிக்காவின் லோர்னா ஷோர் குழுப் பாடகர் வில் ராமோஸின் தொண்டைக்குள் கேமரா செலுத்திப் பார்த்தபோது இது கண்ணுக்கே தெரிந்தது. துவா நாட்டார் 'கர்கிரா' பாடுவதும் இந்த மடிப்புகளால்தான். நியூயார்க் ஆசிரியை மெலிசா கிராஸ் 2005லேயே 'ஜென் ஆஃப் ஸ்க்ரீமிங்' என்று டிவிடி போட்டுப் பாடம் நடத்தினார். இதெல்லாம் ஒரு பாட்டா என்று சபா ரசிகர்கள் முகம் சுளிக்கலாம். விடிய விடியத் தெருக்கூத்தில் முழங்கும் கலைஞனுக்கு இது புரியும்.

பையன் சில நாள் மௌனம் காத்தான். கிசுகிசுக்கவும் இல்லை, அதுவும் நாண்களுக்குச் சுமைதான். அடிக்கடி கனைப்பதையும் நிறுத்தினான். குரல் திரும்பியதும் வாய்மூடி 'ம்' என்று ஸ்வரம் பிடித்துவிட்டு, பேச்சுக் குரலின் அளவிலேயே உறுமிப் பழகினான். மூச்சு வயிற்றிலிருந்து, சத்தத்துக்கு மைக் இருக்கிறது. பத்து நிமிடம்தான். தொண்டை கரகரத்தால், வலித்தால், அன்றைக்கு அவ்வளவுதான். நான்கு வாரம் தாண்டியும் கம்மல் தீராவிட்டால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போய்க் குரல்வளையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எச்சிலில் ரத்தம் கண்டால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அவனுக்கு அந்த நிலைமை வரவில்லை.

இப்போது உறுமல் மாடிப்படியைத் தாண்டி இறங்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் அம்மாவிடம் கேட்டார்: "பையன் ஊர்ல இல்லையா?"