பாட்டி தைத்த புத்தகம்

டால்கீன் எழுதிய 'லார்டு ஆப் தி ரிங்ஸ்' என்னும் மாயக் கதையின் ரசிகர்களைப் பற்றி 2005-ல் 'ரிங்கர்ஸ்' என்றொரு டாகுமெண்டரி படம் வெளிவந்தது. கதாபாத்திரங்களைப் போல் வேஷம் தரித்த பெரிய மனிதர்களை அதில் கண்டு, சேலத்து வீட்டில் இருந்தபடி விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அலமாரியின் மேல்தட்டு கண்ணில் பட்டது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரந்தோறும் வெளியான 'பொன்னியின் செல்வ'னை, ராசிபுரத்துப் பாட்டி கத்தரித்துத் தைத்து வைத்த புத்தகங்கள் அங்கே இருந்தன. ஒரு வாரத்து இதழ் தவறிவிட்டதாம். அடுத்த வீட்டில் இரவல் வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் தன் கைப்பட எழுதி நடுவே சேர்த்திருக்கிறாள்.

அவளைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. "ஏன் பாட்டி இத்தனை சிரமம்?" என்று நானும் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் வழியில்லை. வீட்டில் பாட்டி இருக்கும் நேயர்கள் இன்றே கேட்டுவிடுங்கள்.